இல்லாதவன் கொடுக்கும் விலை

ஏழைக்குச் செலவு குறைவு, செல்வருக்குச் செலவு மிகுதி என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மையைப் போல வழங்கி வருகிறது. ஒரு நாளின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மெய்தான். கூழ் குடிப்பவருக்கு ஆகும் செலவு பிரியாணி உண்பவருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்பதை யார் மறுப்பார்? ஆனால் வாழ்க்கை ஒரு நாளில் முடிந்துவிடுவதில்லை. ஓராண்டு, பத்தாண்டு, ஒரு தலைமுறை என்று கணக்கை விரித்துப் பார்த்தால், அதே கூரைக்கும் அதே அரிசிக்கும் அதே மருந்துக்கும் இல்லாதவரே மிகுதியான விலை கொடுத்திருப்பது தெரியவரும். உள்ளவர் ஒருமுறை கொடுத்து முடித்துக்கொண்டதை, இல்லாதவர் பலமுறை கொடுத்தும் முடிக்க இயலாமல் நிற்பதைக் காண்போம்.

இது எவ்வாறு நேர்கிறது? இதற்கு யார் பொறுப்பு? இதில் நமக்கும் பங்கு உண்டா? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

கூரையின் கணக்கு

வீட்டுக் கூரையையே முதற்சான்றாகக் கொள்வோம். ஓடு வேய்ந்த வீட்டுக்காரர் ஒருமுறை பெருந்தொகை செலவிடுகிறார். அதன்பின் உடைந்த ஓடுகளை மாற்றும் சில்லறைச் செலவோடு ஒரு தலைமுறையைக் கடத்திவிடுகிறார். தென்னங்கீற்று வேய்ந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கீற்று மாற்றியாக வேண்டும். ஓட்டுக் கூரைக்கு 60,000 ரூபாய் ஆகிறது என்றும், கீற்று மாற்ற 6,000 ரூபாய் ஆகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றினால் முப்பது ஆண்டுகளில் 90,000 ரூபாய் போய்விடும். இவ்வளவும் செலவிட்டவரின் தலைக்கு மேல் முப்பதாம் ஆண்டின் இறுதியில் இருப்பது என்ன? உளுத்துப்போன கீற்றுத்தான். இடையில் எங்கோ ஒரு தீப்பொறி பறந்தால் அதுவும் இல்லை.

மலிவானதை வாங்கியதால் அவருக்கு மிகுதியாகச் செலவாயிற்று. அப்படியானால் அவர் அறிவற்றவரா? இல்லை. 60,000 ரூபாயை ஒருசேரக் கையில் வைத்திருக்கும் நாள் அவர் வாழ்வில் வரவேயில்லை. 6,000 ரூபாயைப் புரட்டும் நாள் மட்டும் பதினைந்து முறை வந்தது. வறுமை என்பது வருவாய்க் குறைவு மட்டுமன்று. காத்திருக்க இயலாமையும், மொத்தமாகக் கொடுக்க இயலாமையும், வேறிடம் போக இயலாமையும் சேர்ந்ததே வறுமை. இம்மூன்று இயலாமைகளுக்கும் சந்தையில் தனித்தனியே விலை வைத்திருக்கிறார்கள்.

தறியும் முன்பணமும்

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் சுந்தரபாண்டியம். கைத்தறி நெசவால் அறியப்பட்ட ஊர். பருத்திச் சேலைகள் நெய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றன. கைத்தறி நெசவின் பொருளாதாரத்தைச் சற்று ஊன்றி நோக்கினால், நாம் பேசவந்த பொருள் முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

குழித்தறியில் அமரும் நெசவாளர் தம் கால்களைக் குழிக்குள் வைத்து மிதிபலகையை இயக்குகிறார். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அல்லது தரை ஊறினால் குழியில் ஈரம் ஏறும். பாவு நூல் ஈரத்தை உறிஞ்சும்; இழை அறுபடும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வேலைக்கும் வெயில் வேண்டும். ஆகவே கல்நார்த் தகடோ ஓடோ வேய்ந்து, தரையைச் சீர்செய்து வைத்திருப்பவர் மழையிலும் சில நாள் நெய்வார். ஒழுகும் கூரைக்காரர் நெய்ய மாட்டார். வேலையற்ற நாட்களில் அடுப்பு எரிய அவர் கடன் வாங்குவார். அந்தக் கடனே கூரையைச் சீர்செய்ய வேண்டிய பணத்தை அடுத்த கோடையில் தின்றுவிடும். ஒழுகும் கூரை கடனைக் கொணர்கிறது. கடன் கூரையை ஒழுகவே விடுகிறது.

இனி நூலைப் பார்ப்போம். கையில் பணமுள்ள நெசவாளர் நூல் விலை இறங்கும்போது வாங்கி வைக்கலாம். சேலை விலை ஏறும்வரை விற்காமல் பொறுத்திருக்கலாம். பணமில்லாதவர் பிறரிடம் நூலைப் பெற்றுக் கூலிக்கு நெய்கிறார். அருகிலுள்ள இராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டிலேயே பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவினார். அதன்பின் அப்பகுதியில் ஆலைகள் பெருகின. ஆனால் நூல் பிறக்கும் ஊருக்கு அருகில் வாழ்வதால் மட்டும் ஒருவருக்கு நூல் மலிவாகிவிடுவதில்லை. ஆலை வாசலில் மொத்தமாக வாங்குபவருக்கு ஒரு விலை. நான்கு கை மாறி வந்த கழியைக் கடனுக்கு வாங்குபவருக்கு வேறொரு விலை. கைத்தறியாளருக்கு நியாயமான விலையில் நூல் கிடைக்கச் செய்வதற்காகத் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் என்ற அரசு நிறுவனத்தை 1983இல் தோற்றுவிக்க வேண்டியிருந்தது என்பதே இதற்குச் சான்று.

நெசவுத் தொழிலில் முன்பணம் என்றொரு வழக்கம் உண்டு. தனியாரிடம் கூலிக்கு நெய்பவர் மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ அவரிடம் ஒரு தொகை பெறுகிறார். வட்டி கிடையாது. கேட்பதற்கு எவ்வளவு அறமாக இருக்கிறது! ஆனால் அத்தொகை தீரும்வரை வேறொருவருக்கு அவர் நெய்யக் கூடாது. வேறிடம் போக முடியாதவருக்குக் கூலியை உயர்த்த வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? 20,000 ரூபாய் முன்பணம் பெற்ற ஒருவருக்குச் சேலை ஒன்றுக்கு 30 ரூபாய் கூலி குறைகிறது என்றும், மாதம் 15 சேலை நெய்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 450; ஆண்டுக்கு 5,400. நான்கு ஆண்டுகளில் 21,600 ரூபாய் குறைந்த கூலியாகவே போய்விட்டது. முன்பணமோ அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தேழு வீதம் அவர் கொடுத்திருக்கிறார். எந்த ஏட்டிலும் வட்டி என்ற சொல் இல்லை.

முன்பணம் கொடுப்பவர் எல்லாரும் கொடியவர் என்று நாம் கூறவில்லை. இக்கட்டில் உதவிய நல்லவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் முன்பணம் மனிதனைக் கட்டிப்போடும் எல்லையைத் தொட்டுவிடக் கூடும் என்பதை நாடு உணர்ந்ததால்தான், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் பிறந்தது. கடனுக்காக ஒருவர் தம் உழைப்பை அற்பக் கூலிக்கு ஒப்படைப்பதையும், வேறிடம் சென்று பிழைக்கும் உரிமையை இழப்பதையும் அச்சட்டம் தடைசெய்தது.

வட்டியின் பல பெயர்கள்

வெளிப்படையான வட்டிக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டில் இயற்றிய மிகைவட்டித் தடைச் சட்டம், நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று அவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு மொழியில் ஒரு தீமைக்கு இத்தனை பெயர்கள் இருக்குமானால், அத்தீமை அம்மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குபவர் இதனை நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் அவர் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்து வருகிறாரன்றோ? நூறு நாளும் 8,500 ரூபாய் அவரிடம் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதியளவே அவர் கையில் இருக்கிறது. முறையாகக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 வீதம் வட்டியாகிறது. வங்கியில் நகையையோ நிலப்பத்திரத்தையோ வைக்க வல்லவர் இதில் மிகச் சிறிய பங்கைக் கொடுத்து அதே பணத்தைப் பெறுகிறார். ஈடு வைக்க ஏதுமில்லாதவரே தண்டல்காரரின் வாசலில் நிற்கிறார்.

சென்னையில் தெருவோரம் காய்கனி விற்பவர்களைப் பற்றி, 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2011இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளனர். காலையில் ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் கடனாகப் பெறுபவர் மாலையில் சராசரியாக 1,046 ரூபாய் 90 காசு திருப்பிக் கொடுக்கிறார். ஒரு பகற்பொழுதுக்கு நூற்றுக்கு 4.69 வட்டி! நாள்தோறும் அவரது உழைப்பிலிருந்து நாற்பத்தேழு ரூபாய் இவ்வாறு கழிகிறது. ஆயிரம் ரூபாய் சொந்தமாக இருந்திருந்தால் அந்த நாற்பத்தேழு ரூபாயும் அவருடைய வீட்டுக்குப் போயிருக்கும். ஆயிரம் ரூபாய் இல்லாமைக்காக அவர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதன் முடிவு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்ணாரக் கண்டது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கிரையானது. கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள். வாங்கிய தொகையைவிட மிகுதியாக அவர்கள் திருப்பிச் செலுத்தியிருந்தனர் என்று அப்போது செய்திகள் வந்தன. சட்டம் இயற்றப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது நடந்தது.

கடனைத் தவிர மற்றவற்றிலும் இதே நிலைதான். குழாய் இணைப்புள்ளவர் நீர்வரி கட்டி வீட்டிற்குள் தண்ணீர் பிடிக்கிறார். இல்லாதவர் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார். நூறு ரூபாய் மருந்தோடு தீர்ந்திருக்கும் நோயை ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டவர், பின்னர் பத்து நாள் கூலியையும் பல்லாயிரம் ரூபாயையும் இழக்கிறார். பேருந்து நிலையத்துக்கு அருகில் வாடகை கொடுக்க இயலாதவர் ஊர்க்கோடியில் குடியிருந்து, வாடகையில் மிஞ்சியதைப் பேருந்துக் கட்டணத்திலும் பொழுதிலும் இழக்கிறார். எல்லாப் பொருளிலும் இப்படி என்று நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஷாம்பு போன்ற சில பொருள்களில், போட்டியின் காரணமாகச் சிறு பாக்கெட்டின் விலை அளவுக்கு அளவு புட்டியைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அதிலிருந்து நாம் அறிவது ஒன்று: சிறிதாக வாங்குவதால் மட்டும் விலை ஏறிவிடுவதில்லை, வாங்குபவருக்கு வேறு வழியில்லாத இடத்தில்தான் விலை ஏறுகிறது.

“அவர்களுடைய குற்றம்தானே?”

இங்கே ஒரு மறுப்பு எழும். “ஏழைகள் சிக்கனமாக இருக்கக் கூடாதா? திருமணத்துக்குக் கடன், திருவிழாவுக்குக் கடன், குடிக்குக் கடன். தாமே தேடிக்கொண்ட துன்பத்துக்கு உலகைப் பழிப்பானேன்?” என்பர்.

இம்மறுப்பில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். குடியால் அழிந்த குடும்பங்களையும், ஊர் மெச்சுவதற்காகக் கடன்பட்டுக் கல்யாணம் செய்து நொடித்தவர்களையும் நாம் அறிவோம். முன்சொன்ன காய்கனி வணிகரையே எடுத்துக்கொண்டால், அவர் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் செலவைக் குறைத்து அத்தொகையைச் சரக்கில் போட்டு, மறுநாள் அவ்வளவுக்குக் குறைவாகக் கடன் வாங்கி, மிஞ்சும் வட்டியையும் அப்படியே சேர்த்து வருவாரானால், ஏறத்தாழ ஐம்பது நாட்களில் ஆயிரம் ரூபாயும் அவருடையதாகிவிடும். காகிதத்தில் கணக்குச் சரியாகவே வருகிறது. பின் ஏன் பல ஆண்டுகளாகக் கடனிலேயே இருக்கின்றனர்?

அந்த ஐம்பது நாட்களை அவர்களுடைய இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐம்பது நாளும் குழந்தைக்குக் காய்ச்சல் வரக் கூடாது. ஐம்பது நாளும் மழை பெய்யக் கூடாது. காய் அழுகக் கூடாது. உறவில் ஒரு சாவு நேரக் கூடாது. ஒருநாள் தவறினாலும் சேர்த்தது கரையும். செல்வரின் சேமிப்பைச் சுற்றி மதில் இருக்கிறது. ஏழையின் சேமிப்பு திறந்த வெளியில் கிடக்கிறது.

மற்றொன்றையும் கருத வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடம் அறிஞர் சிலர் ஓர் ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டனர். 54 ஊர்களைச் சேர்ந்த 464 விவசாயிகள். அறுவடைக்கு முன், கை வறண்டிருந்த காலத்தில் ஒருமுறையும், அறுவடைக்குப் பின், பணம் வந்த காலத்தில் ஒருமுறையும் அவர்களுக்கு அறிவுத் தேர்வு வைத்தனர். ஆள் அவரே, ஆனால் அறுவடைக்குப் பின் அவர் மேலாக விடையளித்தார். இந்த ஆய்வின் கணக்கு முறையைப் பற்றி மறுப்புகளும் எழுந்தன. எனினும் அது சுட்டும் செய்தி நம் அனுபவத்துக்கு அயலானதன்று. நாளைய அரிசிக்கு என்ன செய்வது என்ற கவலை மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டால், அடுத்த ஆண்டைப் பற்றிச் சிந்திக்க மனத்தில் இடம் ஏது?

இவையெல்லாவற்றினும் மேலான விடை ஒன்று உண்டு. தவறு செய்வது ஏழைக்கு மட்டும் உரியதன்று. செல்வரும் ஆடம்பரம் செய்கின்றனர், வேண்டாததை வாங்குகின்றனர், வணிகத்தில் தவறான முடிவெடுக்கின்றனர். அவர்களுடைய தவற்றை அவர்களுடைய செல்வமே மன்னித்துவிடுகிறது. ஏழையின் தவற்றையோ யாரும் மன்னிப்பதில்லை. அதற்கும் வட்டி ஏறுகிறது. ஒரே பிழைக்கு ஒருவருக்குக் கண்டிப்பும் மற்றவருக்குக் கழுமரமும் என்றால், அதனை நீதி என்று யார் சொல்வார்?

விற்பவரின் நியாயம்

மறுபுறத்து வாதத்தையும் கேட்க வேண்டியது நேர்மை. “நூறு மில்லி எண்ணெயை அளந்து பொட்டலம் கட்ட எனக்குப் பொழுதும் ஆளும் செலவாகிறது. கடன் சொன்னவர்களில் சிலர் ஊரை விட்டே போய்விடுகின்றனர். இந்த இழப்பை நான் எப்படி ஈடுகட்டுவது?” என்று கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. பலருடைய விஷயத்தில் அவரும் சிறு முதல் போட்டு, மொத்த வணிகரிடம் கடன்பட்டு வாழ்பவரே.

ஆயினும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். சிறிதாக விற்பதற்கு ஆகும் மெய்யான செலவு ஒன்று. வாங்குபவர் வேறிடம் போக மாட்டார் என்று தெரிந்துகொண்டு ஏற்றும் விலை மற்றொன்று. முன்னது கூலி, பின்னது பிறருடைய நெருக்கடியிலிருந்து கறப்பது. எவ்வாறு பிரித்தறிவது? ஒரு வினா போதும்: நாளைக்கே இவர் கையில் பணமும் வேறிடம் செல்லும் வழியும் கிடைத்துவிட்டால், இதே விலையை இவரிடம் கேட்கத் துணிவோமா? துணிய மாட்டோம் என்றால் அந்த வேறுபாட்டுத் தொகை நமக்கு உரியதன்று.

பழிப்பதைவிட வழி காண்பதே மேல் என்று எண்ணியவர்களும் வரலாற்றில் இருந்தனர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, கிடைத்த உபரி வாங்கியவர்களுக்கே அவர்கள் வாங்கிய அளவுப்படி பங்கு. தனித்தனியே ஏழைகளாக நின்றவர்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது மொத்தமாக வாங்கும் செல்வரின் வலிமையைப் பெற்றனர். இந்தியாவில் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1935இல் தோன்றிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் நாடறிந்ததாயிற்று. சங்கத்தில் நூல் பெற்று நெய்யும் நெசவாளருக்குத் தனியாரிடம் கட்டுண்டு கிடக்காமல் நெய்ய ஒரு வழி பிறந்தது. சங்கங்கள் எல்லாம் குறையற்றவை அல்ல. ஆனால் அந்த வழி இருப்பதே தனியார் கூலியையும் ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது.

அரசும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்ததைக் காண்கிறோம். 1956இல் காமராசர் ஆட்சியில் பரவிய பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்ததும், 2022இல் தொடங்கிய காலை உணவும், பசியால் படிப்பை விட்டு வாழ்நாள் முழுதும் அதற்கு விலை கொடுக்கும் நிலையிலிருந்து பிள்ளைகளைக் காத்தன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. இன்று சிறிதாகச் செலவிட்டால் நாளைப் பெரிதாக இழக்க வேண்டியதில்லை என்ற செல்வரின் வசதியை ஏழைக்கும் உரியதாக்குவதே இவற்றின் பொருள்.

நம் பங்கு

இனி மூன்றாம் வினா. இதில் நமக்குப் பங்கு உண்டா?

வட்டியை விலக்கிய சமுதாயம் நம்முடையது. அதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வங்கியில் கடன் வாங்கினால் வட்டி கொடுக்க நேருமே என்று அஞ்சி ஒதுங்கும் ஓர் ஏழைச் சகோதரர் எங்கே போவார்? கடைக்காரரிடம் கூடுதல் விலைக்குத் தவணையில் வாங்குவார்; குறைந்த கூலிக்கு முன்பணம் பெறுவார்; அல்லது நெருக்கடி முற்றித் தண்டல்காரரிடமே சிக்குவார். அவருடைய பேணுதலை மேடையில் புகழ்கிறோம். அந்தப் பேணுதலுக்கு அவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கையாவது நாம் ஏற்றோமா? வட்டி கூடாது என்று சொல்லும் உரிமை, வட்டியில்லாக் கடனுக்கு வழி செய்யும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு போன்றவை அப்படிப்பட்ட முயற்சிகளே. ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மால் என்ற பெயர்ப்பலகை மட்டும் இருந்து பயனில்லை. அவசரத்துக்கு ஐயாயிரம் கேட்டு வருபவருக்கு அன்றே கொடுக்கும் பெட்டி அங்கு இருக்க வேண்டும்.

கடன்பட்டவர் இக்கட்டில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அருள்மறை பணிக்கிறது. விட்டுக்கொடுத்துவிடுவது அதனினும் நன்று என்றும் அறிவிக்கிறது. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினருள் கடனில் மூழ்கியோரும் ஒரு வகையினர். கடன் சுமை ஒருவரை எவ்வாறு உள்ளிருந்து அரித்துவிடும் என்பதை அறிந்த சட்டமன்றோ இது!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்த நிகழ்ச்சி, அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. வீட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணலார் வினவினார்கள். பாதியைப் போர்த்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைக் கொணரச் செய்து ஏலத்தில் விற்றார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்குக் கோடரி வாங்கிவரச் செய்து, தம் கரத்தாலேயே அதற்குப் பிடி பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்கவும், பதினைந்து நாள் தம் முன் வராதிருக்கவும் பணித்தார்கள். திரும்பி வந்தபோது அவரிடம் பத்து திர்ஹம் இருந்தது.

அந்த இரண்டு திர்ஹத்தையும் உணவுக்கே செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு வேளை பசி தீர்ந்து, மூன்றாம் வேளை மீண்டும் வாசலில் நின்றிருப்பார். இரண்டையும் கோடரிக்கே கொடுத்திருந்தால் பசியோடு விறகு வெட்ட வலுவிருந்திராது. ஒன்று இன்றைக்கு, மற்றொன்று நாளைக்கு. ஏழையிடம் எப்போதும் இல்லாமற்போவது இந்த இரண்டாவது திர்ஹமே. அது இல்லாததால்தான் அவர் ஆயுள் முழுவதும் கூடுதல் விலை கொடுக்கிறார்.

நம் தருமங்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ரமலான் மாதத்தில் வாசலில் வரிசையாக நிற்பவர்களுக்குப் பத்தும் இருபதுமாகப் பகிர்ந்துவிட்டு ஜகாத்தை முடித்துவிட்டதாக எண்ணுவோர் உளர். அது முதலாவது திர்ஹம், அதுவும் வேண்டியதே. ஆனால் ஒரு தெருவின் ஜகாத்தை ஒன்றுசேர்த்தால், ஒரு நெசவாளரின் முன்பணத்தை அடைத்து அவரை விடுவிக்கலாம். ஒரு விதவையின் ஒழுகும் கூரையை மாற்றலாம். ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு நாள்முதலைச் சொந்தமாக்கலாம். அடுத்த ஆண்டு அவர் வரிசையில் நிற்க மாட்டார்.

இன்னும் அருகில் ஒன்று இருக்கிறது. அதற்குத் தருமம்கூட வேண்டாம். வேலை செய்தவருக்கு உரிய நாளில் கூலி கொடுப்பது. வீட்டு வேலை செய்யும் பெண்மணியிடம் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்கிறோம். கொத்தனாரிடம் மீதியை அப்புறம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். சிறு வியாபாரியிடம் சரக்கெடுத்த பெரிய வணிகர் மூன்று மாதம் இழுத்தடிக்கிறார். நமக்கு அது ஒரு வாரத் தாமதம். அவருக்கு அது ஒரு வாரத் தண்டல் வட்டி. நாம் வட்டி வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் தாமதத்தால் அவர் வட்டி கொடுக்க நேர்ந்தது என்பதும் உண்மை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற அண்ணலாரின் போதனையை நாம் மனிதநேயத்துக்கான அறிவுரையாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். அதில் துல்லியமான பொருளாதாரக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

வறுமை முழுவதையும் ஒழிக்கும் ஆற்றல் நம் ஒருவர் கையில் இல்லை. ஆனால் வறியவர் வறியவராக இருப்பதற்காகவே கொடுக்க நேரும் அந்தக் கூடுதல் விலையைக் குறைக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுப்போம். கடனாளிக்கு அவகாசம் தருவோம். தனித்தனியே சிதறும் நம் தருமத்தை ஒன்றுசேர்த்து, நம் தெருவில் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கேனும் அந்த இரண்டாவது திர்ஹத்தை வழங்குவோமாக!